டீக்கடை இல்லாத அலுவலகம்

ஒரு நிறுவனத்தின் பணிப் பண்பாட்டை அதன் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கொள்கை வாசகங்களில் தேடிப் பயனில்லை. மேலாளரிடம் கெட்ட செய்தியை எப்போது சொல்லலாம், சந்தேகம் கேட்டால் முகம் சுளிப்பார்களா, ஆறு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்களா, பெயர் கிடைப்பது வேலையைச் செய்தவருக்கா, கூட்டத்தில் பேசியவருக்கா என்பன போன்ற கேள்விகளுக்கு ஊழியர்கள் மனதில் வைத்திருக்கும் விடைகள்தான் அந்தப் பண்பாடு. இவற்றை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தருவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தும், கேன்டீன் வரிசையில் காதில் விழுவதைக் கேட்டும், வாசல் டீக்கடையில் சீனியர்களின் புலம்பலை வைத்தும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகப் பிடித்துக்கொள்கிறார். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இந்த மூன்றுமே கிடையாது.

தூரம் பேச்சைக் குறைக்கும் என்பது 1970களிலேயே அளந்து பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன், ஆய்வுக்கூடங்களில் பணியாற்றிய பொறியாளர்களில் யார் யாரிடம் எத்தனை முறை பேசுகிறார் என்று கணக்கெடுத்தார். இருக்கைகளுக்கு இடையிலான தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று சரிந்தது. சுமார் 50 மீட்டரைத் தாண்டியதும் வாரம் ஒருமுறை பேசுவதுகூட அரிதாகிவிட்டது. ஒரே கட்டடத்தின் இரு கோடிகளுக்கே இந்தக் கதி என்றால், ஒருவர் கோவையிலும் இன்னொருவர் புனேயிலும் மூன்றாமவர் டொரண்டோவிலும் இருக்கும் குழுவின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இருந்தும் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்தை நடத்துவது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1939இல் ஐந்து வயதுச் சிறுமியாக நாஜி ஆட்சியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர் ஸ்டெஃபனி ஷெர்லி. 1962இல் ஆறு பவுண்டு முதலீட்டில் ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற மென்பொருள் நிறுவனத்தை அவர் தொடங்கினார். திருமணத்தாலும் குழந்தைப்பேற்றாலும் வேலையை விட்ட பெண் புரோகிராமர்களைத் தேடிப் பிடித்து வீட்டிலிருந்தே வேலை கொடுத்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். அவர்கள் பென்சிலால் காகிதத்தில் நிரல் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் இவர்கள் கையில் உருவானதுதான். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தை அழும் சத்தம் கேட்காமலிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்த டேப்பை ஷெர்லி பின்னணியில் ஓடவிடுவாராம். பெண் பெயரில் கடிதம் போனால் பதிலே வருவதில்லை என்பதால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டார்.

இந்தக் கதையில் சுவையைவிட முக்கியமான பகுதி ஒன்று உண்டு. ஷெர்லி பின்னாளில் நிறுவனத்தின் கால்பங்கைத் தன் சொந்தப் பங்கிலிருந்து ஊழியர்களுக்கு எழுதி வைத்தார். அவர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். கண்ணில் படாத ஊழியரை நம்ப முடியுமா என்று இன்றும் மேலாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இணையமும் வீடியோ அழைப்பும் இல்லாத காலத்திலேயே, தபாலையும் தொலைபேசியையும் மட்டும் நம்பி இந்த நிறுவனம் வளர்ந்தது.

கண்ணில் படாதவர் வேலை செய்வாரா என்பதற்குச் சோதனை வழியான பதிலும் இருக்கிறது. சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் 2010 டிசம்பரில் தொடங்கிய ஒரு சோதனையை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஷாங்காய் கால் சென்டரில் வீட்டிலிருந்து வேலை செய்ய முன்வந்து தகுதியும் பெற்ற 249 பேர், பிறந்த தேதியின் ஒற்றைப்படை, இரட்டைப்படை அடிப்படையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், மற்றவர்கள் வழக்கம்போல அலுவலகத்திலிருந்தும் ஒன்பது மாதம் வேலை பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

முதலாளிகள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். அடுத்து வருவதுதான் பண்பாடு பற்றிய பாடம். சோதனை முடிந்து, விருப்பமானதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னபோது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் தனிமை. அத்துடன், அதே அளவு வேலை செய்தும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்திருந்தது. ஆக, வீட்டிலிருந்து வேலை செய்யும்போது கெட்டுப்போவது உழைப்பு அல்ல. உறவும் அங்கீகாரமுமே கெடுகின்றன. பணிப் பண்பாட்டைச் சீராக்க நினைக்கும் நிறுவனம் கை வைக்க வேண்டிய இடங்களும் இவை இரண்டுதான்.

உறவு எந்த வகையில் கெடுகிறது என்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தரவுகள் காட்டின. அமெரிக்காவில் உள்ள அதன் 61,182 ஊழியர்களின் மின்னஞ்சல், அரட்டை, அழைப்பு விவரங்களை 2020இன் முதல் ஆறு மாதங்களுக்கு ஆராய்ந்து, அடுத்த ஆண்டு ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியிட்டார்கள். கொரோனாவால் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு, ஒரே குழுவுக்குள் நெருக்கம் கூடியிருந்தது. ஆனால் குழுவைத் தாண்டிய தொடர்புகள் சுருங்கிவிட்டன. தினமும் பேசுகிறவர்களோடு இன்னும் அதிகமாகப் பேசினார்கள்; எப்போதாவது லிஃப்ட்டில் சந்தித்துப் பேசும் அறிமுகங்கள் அறுந்துபோயின. பக்கத்துத் துறையில் என்ன நடக்கிறது என்ற தகவல் பெரும்பாலும் இந்த அரைகுறை அறிமுகங்கள் வழியேதான் வந்துசேரும். அது நின்றால் ஒரே வேலையை இரண்டு குழுக்கள் தனித்தனியே செய்துகொண்டிருக்கும்.

இதற்கு மாற்றாகப் பல நிறுவனங்கள் கைக்கொண்டது வெள்ளிக்கிழமை மாலை வீடியோ கேளிக்கை. ஆளுக்கொரு தொப்பி போட்டுக்கொண்டு தம்போலா ஆடினார்கள். 2020 ஏப்ரலில் அது ஆறுதலாக இருந்தது உண்மை. ஆண்டு முழுக்கத் தொடர்ந்தபோது, கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும் இன்னொரு கூட்டமாக அது முடிந்தது. வேலை நேரத்தில் ஒருவரையொருவர் நம்பாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலை விளையாட்டில் நண்பர்களாகிவிடுவதில்லை.

அலுவலகமே இல்லாமல் வளர்ந்த நிறுவனங்கள் வேறு வழியைப் பிடித்தன. அவற்றில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்டது கிட்லேப். உக்ரைன்காரர் ஒருவர் 2011இல் தொடங்கிய திறந்தமூல மென்பொருள் திட்டத்திலிருந்து பிறந்த நிறுவனம் இது. 2021 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தபோது 60க்கும் மேற்பட்ட நாடுகளில் ஊழியர்கள் இருந்தார்கள்; தலைமையகம் என்று ஒரு கட்டடம் இல்லை. பங்கு வெளியீட்டு ஆவணத்தில் முகவரிக்கான இடத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதினார்கள்.

கிட்லேப்பின் அடித்தளம் அதன் கையேடு. விடுப்பு எடுப்பது முதல் விலை நிர்ணயிப்பது வரை நிறுவனம் இயங்கும் முறையெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அச்சிட்டால் 2,000 பக்கங்களைத் தாண்டும். அதன் பெரும்பகுதி இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. ஒரு நடைமுறையை மாற்ற வேண்டுமென்றால் முதலில் கையேட்டில் திருத்தம் முன்மொழிய வேண்டும். அறிவிப்பு அதற்குப் பிறகுதான். நேற்றுச் சேர்ந்தவரும் திருத்தம் முன்மொழியலாம். அன்றாட அரட்டைக்குப் பயன்படும் ஸ்லாக்கில் செய்திகள் 90 நாளில் அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள். முக்கியமான முடிவு அரட்டையிலேயே தங்கிவிடாமல் கையேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இது வெறும் ஆவணப் பித்து போலத் தெரியலாம். உண்மையில் இது அதிகாரத்தைப் பங்கிடும் முறை. சாதாரண அலுவலகத்தில் “அது யாருக்குத் தெரியுமோ, அவரைப் போய்க் கேள்” என்பதுதான் நடைமுறை. யாருக்குத் தெரியும் என்பது தெரிந்தவருக்கே செல்வாக்கு. பழைய ஆள், மேலாளரோடு மதியம் சாப்பிடுகிறவர், ஒரே ஊர்க்காரர் ஆகியோர் இதில் முந்திக்கொள்வார்கள். எல்லாம் எழுத்தில் இருக்கும்போது தொலைவில் தனியாக உட்கார்ந்திருக்கும் புதியவரும் அதே தகவலோடு வேலையைத் தொடங்குகிறார். நேர வித்தியாசமும் தொல்லை தருவதில்லை. மதுரைக்காரர் இரவு 11 மணிக்குக் கண்விழித்துக் கூட்டத்தில் உட்கார வேண்டாம்; காலையில் எழுந்து குறிப்பைப் படித்துக் கருத்தை எழுதினால் போதும்.

நம் அலுவலகங்களில் இதைச் செய்வது அவ்வளவு எளிதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலதிகாரியின் கருத்துக்கு மாற்றுக் கருத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுவது இங்கே மரியாதைக் குறைவாகப் பார்க்கப்படுகிறது. “சார், ஒரு நிமிஷம் கால் பண்ணட்டுமா?” என்று தனியாகப் பேசி முடித்துக்கொள்வதே வழக்கம். அப்படிப் பேசிய முடிவு இருவருக்கு மட்டுமே தெரியும். மூத்தவர்கள் முதலில் தங்கள் தவறுகளையும் சந்தேகங்களையும் பொதுவெளியில் எழுதிக் காட்டாத வரை இளையவர்கள் எழுத மாட்டார்கள்.

தவறைக் கையாளும் விதத்தில்தான் ஒரு நிறுவனத்தின் உண்மையான பண்பாடு வெளிப்படும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்பில் அப்படியொரு சோதனை வந்தது. தரவுத்தளத்தில் ஏற்பட்ட கோளாறைச் சரிசெய்ய இரவு வெகுநேரம் போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், நகல் சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை மூல சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி மட்டுமே. பல அடுக்காக வைத்திருந்த காப்பு ஏற்பாடுகளைப் பார்த்தால், அவற்றில் எதுவுமே ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுக்கப்பட்ட ஒரு பிரதி கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்.

நிறுவனம் இதை மூடி மறைக்கவில்லை. மீட்புப் பணியின் குறிப்புகளை எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டது. யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. பின்னர் வெளியான விரிவான அறிக்கை, காப்புப் பிரதிகள் வேலை செய்கின்றனவா என்று சோதிப்பதற்குப் பொறுப்பாளர் எவரும் இல்லாததையே பெரிய குறையாகச் சுட்டியது. கட்டளையை அடித்த தனிமனிதர் மீது பழி விழவில்லை. அன்று அவரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தால், அடுத்த முறை தவறு செய்கிறவர் அதை எத்தனை மணி நேரம் மறைத்து வைத்திருப்பார்? அலுவலகத்தில் என்றால் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுவார். வீட்டில் தனியாக இருப்பவர் தாமாகச் சொன்னால்தான் உண்டு. இதனால்தான், சொன்னால் தண்டனை இல்லை என்ற உறுதி தொலைதூரக் குழுக்களுக்கு இருமடங்கு தேவைப்படுகிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களே அதிகத் தவறுகளைப் பதிவு செய்திருந்ததைக் கண்டார். அங்கே தவறைத் தயங்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்டறிந்த விளக்கம்.

இதற்கு நேர் எதிரான பாதை கண்காணிப்பு. மைக்ரோசாஃப்ட் 2022இல் பல நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில் ஊழியர்களில் 87 சதவீதத்தினர் தாங்கள் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களில் 85 சதவீதத்தினரோ, சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற கலப்புமுறை வந்த பிறகு அதை நம்பக் கடினமாக இருக்கிறது என்றார்கள். இந்தச் சந்தேகத்தைக் காசாக்கப் பல மென்பொருள்கள் வந்துவிட்டன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம்பிடிப்பவையும், விசைப்பலகைத் தட்டல்களை எண்ணுபவையும் அவற்றில் அடக்கம். பதிலுக்கு, மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவியும் சந்தைக்கு வந்தது. விசைப்பலகை இயங்குவதுபோல் பாசாங்கு செய்ததற்காக அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் பத்துப் பதினைந்து பேரை வேலையிலிருந்து நீக்கியது. பாசாங்கு தவறுதான். ஆனால் மவுஸ் அசைவை உழைப்பின் அளவாக வைத்த இடத்தில் மவுஸை அசைப்பதில்தான் கவனம் போகும். வாரத் தொடக்கத்தில் என்ன முடிக்க வேண்டும் என்று எழுதி, வார இறுதியில் முடிந்ததா என்று பார்க்கத் தெரிந்த மேலாளருக்கு இந்த மென்பொருள் எதுவும் தேவைப்படாது.

வீடியோ கூட்டங்களும் அளவோடு இருக்க வேண்டியவை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் அவை தரும் களைப்புக்கு நான்கு காரணங்களை 2021இல் விளக்கினார். முகங்கள் மிக அருகில் இமைக்காமல் பார்ப்பதுபோல் தெரிவது, நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் ஒரே சட்டகத்துக்குள் உட்கார்ந்திருப்பது, தலையசைப்பைக்கூட முயன்று காட்ட வேண்டியிருப்பது. கேமராவை எப்போதும் போட்டே வைக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டாலே இவற்றில் பாதி தீரும். நம் வீடுகளில் அந்த விதிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்க, பின்னால் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருப்பதை வாடிக்கையாளருக்குக் காட்ட எந்த மருமகளும் விரும்ப மாட்டார்.

கலப்புமுறைதான் இருப்பதிலேயே சிக்கலானது. பாதிப் பேர் கூட்ட அறையில் ஒன்றாக இருக்க, மீதிப் பேர் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிவார்கள். அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது திரையில் இருப்பவருக்குப் புரியாது. இதற்கு எளிய மருந்து இருக்கிறது: ஒருவர் வெளியில் இருந்தாலும், எல்லோரும் அவரவர் கணினியிலிருந்தே கூட்டத்தில் சேர்வது. இருந்தாலும் கலப்புமுறை சரியாக அமைந்தால் பலன் தரும் என்பதற்கும் சான்று உண்டு. சிட்ரிப்பின் இன்றைய வடிவமான டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் ப்ளூம் குழு நடத்திய இரண்டாவது சோதனையின் முடிவு 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். இம்முறை பதவி உயர்வில் பாதிப்பு எதுவும் இல்லை. முந்தைய சோதனையின் நான்கு நாளுக்கும் இந்த இரண்டு நாளுக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் நிறுவனங்களின் மனநிலை நிலையாக இல்லை. 2025க்குள் ஊழியர்களில் கால்பங்கினர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டிசிஎஸ் 2020இல் அறிவித்தது. 2023 அக்டோபரிலிருந்து எல்லோரையும் வாரம் ஐந்து நாள் வரச் சொல்லிவிட்டது. இளம் ஊழியர்கள் மூத்தவர்களைப் பார்த்துக் கற்க வேண்டும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கல்லூரியிலிருந்து நேராக மடிக்கணினிக்கு வந்தவருக்குத்தான் வீட்டிலிருந்து வேலை செய்வதில் இழப்பு அதிகம். ஸோஹோ இதற்கு நடுவழி ஒன்றைத் தேடியது. தென்காசி அருகே மத்தளம்பாறை போன்ற ஊர்களில் சிறிய அலுவலகங்களை வைத்து, ஊழியர் சொந்த ஊரை விட்டுப் போகாமலும் வீட்டில் தனியாக அடைந்து கிடக்காமலும் இருக்க வழி செய்தது.

வீட்டு வேலையில் நேர எல்லை அழிந்துபோவது இன்னொரு தொல்லை. “வீட்லதானே இருக்க, சிலிண்டர்காரன் வந்தா வாங்கி வை” என்பது ஒரு பக்கம். இரவு பத்து மணிக்கு “ஆன்லைன்ல இருக்கீங்களா?” என்பது மறுபக்கம். பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்திய மக்களவையில் சுப்ரியா சுலே 2018இல் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சட்டம் வரும் வரை இதைக் குழுத் தலைவரே செய்யலாம். இரவில் தோன்றும் யோசனையை எழுதி, காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் நேரில் சந்திப்பதற்கு ஈடு கிடையாது. வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமாட்டிக், ஆள் வராமல் கிடந்த சான்ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்தை 2017இல் மூடியது. ஆனால் எல்லா ஊழியர்களும் ஓரிடத்தில் கூடும் ஆண்டுச் சந்திப்பை நிறுவனப் பழக்கமாகவே வளர்த்தது. போர்ச்சுகல் 2021இல் சட்டமே இயற்றியது. அதன்படி, வீட்டிலிருந்து வேலை செய்பவர் சக ஊழியர்களையும் மேலதிகாரிகளையும் நேரில் சந்திக்க நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும். தனி ஒப்பந்தம் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. மிச்சமாகும் வாடகையில் ஒரு பகுதியை ரயில் டிக்கெட்டுக்கும் விடுதி அறைக்கும் செலவிட மனமில்லாத நிறுவனம், பண்பாடு என்ற பேச்சையே எடுக்காமலிருப்பது நேர்மையாக இருக்கும்.

வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் மாதம் சந்தேகம் கேட்க யாரை நியமிப்பார்கள்? எடுத்த முடிவுகளை எங்கே எழுதி வைக்கிறார்கள்? கடந்த ஆண்டு பதவி உயர்வு பெற்றவர்களில் வெளியூரிலிருந்து வேலை செய்பவர்கள் எத்தனை பேர்? குழு ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் கூடுகிறது, பயணச் செலவு யாருடையது? மூன்றாவது கேள்விக்கு எண்ணிக்கையாகப் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்க்கலாம்.